ஒரு பந்தியில் மூன்று கபிலர்

கல்யாணப் பந்தியில், இலையில் ரசம் விழுந்த நேரத்தில் ஆரம்பித்தது தகராறு. எண்பதைத் தாண்டிய பெரியப்பா, சுயமரியாதைக் கல்யாணம் செய்துகொண்டவர், பக்கத்து இலையில் சாதிப் பேச்சு காதில் விழுந்ததும், சாதியை மறுக்கும் கபிலர் அகவலிலிருந்து பத்துப் பன்னிரண்டு வரிகளை மூச்சு விடாமல் எடுத்துவிட்டார். எதிர்வரிசையில் மாமா. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு என்று பட்டால் அப்பளத்தைக் கீழே வைத்துவிடுவார்.

"அத்தான், பாரியோட கபிலர் தன்னை அந்தணன்னு தன் வாயாலேயே சொல்லிக்கிறவர். அவர் எப்படி இதைப் பாடியிருப்பார்?"

மாப்பிள்ளை வீட்டார் அழைத்து வந்திருந்த ஓதுவார் ஒருவர் மெல்லச் சொன்னார்: "ஐயா, கபிலதேவர் பிள்ளையாருக்கு மாலை பாடினவராச்சே."

மோர் வந்து போயிற்று, தகராறு ஓயவில்லை. மூவரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். கை கழுவும் இடத்தில் பெரியப்பா என் தோளைத் தட்டி, "நீதான் எழுதுறவனாச்சே, பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டினார்.

முதலில் கைப்பேசியில்தான் தேடினேன். கபிலதேவர் என்று தட்டியதும் வந்தவர் 1983இல் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பையைத் தூக்கிய கபில்தேவ். அதற்கு ஒரு வாரம் முன்பு ஜிம்பாப்வேயுடன் அவர் அடித்த 175 ஓட்டங்கள் படமாக்கப்படவே இல்லை என்பதைப் படித்துக்கொண்டே அரைமணி நேரம் போனது. அடுத்து வந்தவர் சாங்கிய தத்துவத்தின் கபில முனிவர். அவர் பெயரைச் சுமக்கும் கபிலவஸ்துவில்தான் புத்தர் வளர்ந்தார். எல்லாப் பெயருக்கும் வேர் ஒரு நிறம், செம்பழுப்பு. கபிலைப் பசு என்று நாம் சொல்வதும் அதனால்தான். இலங்கைத் தமிழர் இன்றும் கபில நிறம் என்றே சொல்கிறார்கள். நாம்தான் பழுப்பு, பிரவுன் என்று போய்விட்டோம்.

இதெல்லாம் வேடிக்கை. விடை கிடைக்கக்கூடிய இடம் எங்கள் ஊர்க் கிளை நூலகம். அங்கே நூலகர் அம்மா ஒரு அடுக்கைக் காட்டினார். குறிஞ்சிப்பாட்டு, இன்னா நாற்பது, பதினொராம் திருமுறை, சாணித்தாளில் அச்சான கபிலர் அகவல், எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். பதிவேட்டில் ஆசிரியர் பெயர் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். கபிலர்.

மாமாவின் கபிலரிலிருந்து தொடங்கினேன். சங்க நூல்களில் 200க்கும் மேற்பட்ட பாட்டுகள் இவர் பெயரில் இருக்கின்றன; வேறு எந்தப் புலவருக்கும் அத்தனை இல்லை. ஐங்குறுநூற்றின் குறிஞ்சி நூறும் இவருடையது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சுவையைக் காட்ட 261 அடியில் குறிஞ்சிப்பாட்டை எழுதி, நடுவில் 99 பூக்களின் பெயரை அடுக்கினார். மனப்பாடம் செய்யச் சொல்லி அடி வாங்கிய தலைமுறை என்னுடையது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்துக்காகச் சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதன் ஒரு லட்சம் காணமும், நன்றா என்ற குன்றின்மேல் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டும் நாடும் கொடுத்தான் என்று பதிகம் சொல்கிறது.

அதே வாழியாதன் ஒருநாள் இவர் கையைப் பிடித்துப் பார்த்து, என்ன இவ்வளவு மென்மையாக இருக்கிறது என்று கேட்டானாம். புறநானூறு 14ஆம் பாட்டு அதற்குப் பதில். உன் கை அங்குசமும் வில்லும் பிடித்துக் காய்த்தது. உன்னைப் பாடுகிறவர்கள் கைக்குக் கறியும் சோறும் தின்று களைப்பதைத் தவிர வேறு வேலை தெரியாது, அதனால் மெத்தென்று இருக்கிறது என்கிறார். புலால் நாற்றமும் தாளிப்புப் புகையும் அந்தப் பாட்டில் மணக்கின்றன. தோழனான பறம்பு மலைத் தலைவன் பாரி இறந்தபின் அந்த மலையை விட்டுப் போகும்போது பாடிய பாட்டிலும் முதலில் நினைவுக்கு வருவது திறந்த கள் சாடியும் வெட்டிய ஆட்டுக்கிடாயும்தான். ஆனால் பாரியின் மகளிரை மணம் முடித்துவைக்க விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் அழைத்துக்கொண்டு போய் நின்றபோது இவர் தம்மை அந்தணன் என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறார். மாமா சொன்னது சரி. கறி தின்ற அந்தணர், அவ்வளவுதான். இதை மாமாவிடம் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன்.

அடுத்த புத்தகம் இன்னா நாற்பது. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, ஒவ்வொரு வெண்பாவிலும் துன்பம் தருபவை நான்கு. அதில் ஓரிடத்தில், பிற உயிரின் ஊனைத் தின்று தன் ஊனை வளர்ப்பது துன்பம் என்று வருகிறது. வாழியாதனிடம் கையை நீட்டிய மனிதரா இதைச் சொல்வார்? முதல் துப்பு கிடைத்த துப்பறிவாளன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு எனக்கே சந்தேகம். வயதானபின் எத்தனையோ பேர் கறியை விடுகிறார்கள், என் தாத்தாவே விட்டார். பக்கத்தைப் புரட்டினால் கடவுள் வாழ்த்து. சிவன், பனைக்கொடி பிடித்த பலராமன், திருமால், முருகன் நால்வரையும் தொழாவிட்டால் துன்பம் என்று அறம் சொல்லிக்கொடுக்கும் குரல். தோழன் செத்துப்போனதற்கு அழுத குரல் எங்கே, இது எங்கே. பலராமனுக்கு இன்னும் மரியாதை இருக்கும் காலம்தான், ஆனால் சங்கப் பாட்டின் அகவல் போய் வெண்பா வந்துவிட்ட காலம். இவர் வேறு கபிலர். உணவுப் பழக்கத்தை விட, வாத்தியார்த்தனமே எனக்கு இதை உறுதிப்படுத்தியது. சங்கக் கபிலரையும் இன்னா நாற்பதையும் பற்றித் தனித்தனியே உழைத்தவர் ந.மு. வேங்கடசாமி நாட்டார், கபிலர் என்றே ஒரு நூல் எழுதினார், இன்னா நாற்பதுக்கு உரையும் செய்தார். அந்த உரையை வைத்துக்கொண்டுதான் இத்தனையும் படித்தேன்.

ஓதுவாரின் கபிலதேவ நாயனார் கஷ்டமே கொடுக்கவில்லை. பதினொராம் திருமுறையில் இவருக்கு மூன்று நூல்கள், அதில் முதலாவது மூத்த நாயனார் திரு இரட்டைமணிமாலை. மூத்த நாயனார் என்றால் பிள்ளையார். சங்கப் பாட்டுகளில் முருகன் உண்டு, திருமால் உண்டு, கொற்றவை உண்டு, பிள்ளையார் கிடையாது. அந்த ஒரு தும்பிக்கை போதும், நூற்றாண்டுகளைப் பிரித்துவிட.

என்னை நிறுத்தியது வேறு. இந்தத் திருமுறையைத் தொகுத்தவர் நம்பியாண்டார் நம்பி என்பார்கள். உள்ளே போனால் கபிலதேவ நாயனாருக்கு அக்கம்பக்கத்தில் நக்கீரதேவ நாயனார், பரணதேவ நாயனார், கல்லாடதேவ நாயனார். மதுரைச் சங்கமே திருநீறு பூசிக்கொண்டு வந்து வரிசையில் நிற்கிறது. கபிலதேவருக்கு ஒரு சிவபெருமான் திருவந்தாதி என்றால் பரணதேவருக்கும் அதே பெயரில் ஒன்று. சங்கத்தில் கபிலரும் பரணரும் இரட்டை என்றால் இங்கேயும் இரட்டை. தற்செயல் இவ்வளவு ஒழுங்காக நடக்குமா? பழம்புலவர் பெயரை விரும்பி எடுத்துக்கொண்டார்களோ, பாட்டுக்குப் பின்னால் பெயர் வந்து ஒட்டியதோ. எதுவாயினும் முடிச்சுப் போட்ட கை யாருடையது என்று தெரிகிறது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பொய்யடிமை இல்லாத புலவர் என்று பெயர் சொல்லாமல் ஒரு கூட்டத்தைப் பாடினார். அவர்கள்தான் கபிலர், பரணர், நக்கீரர் முதலான 49 சங்கப் புலவர்கள் என்று பெயர் சொன்னவர் நம்பி. அதன்பின் சைவ வீடுகளில் பாரியின் கபிலரும் பிள்ளையாரின் கபிலரும் ஒருவரே ஆனார்கள். ஓதுவார் பொய் சொல்லவில்லை, அவருடைய மரபு அவருக்குக் கொடுத்த கபிலரைச் சொன்னார்.

இனி பெரியப்பாவின் அகவல். நூலகத்தில் இருந்த பிரதி என் உள்ளங்கை அளவு. எடுத்த எடுப்பிலேயே ஆண் முந்தியா, பெண் முந்தியா, அலி முந்தியா என்று கேள்வி. கேள்விகளாகவே ஓடுகிறது நூல். மழை ஆள் பார்த்துப் பெய்கிறதா, காற்று சிலரை விலக்கி வீசுகிறதா என்பது பலருக்கும் தெரிந்த பகுதி. எனக்குப் பிடித்தது அதைவிடக் கூர்மையானது. பசுவும் எருமையும் வேறு வேறு பிறப்பு, மாறிக் கலந்தால் கரு நிற்காது. மனிதரில் நீங்கள் இரண்டு குலம் என்று சொல்கிறவர்கள் கலந்தால் பிள்ளை பிறக்கிறதே, அப்புறம் எப்படி அது வேறு சாதி? இப்படி வாதாடுகிற ஆளைப் பந்தியில் எதிர்க்க யாரால் முடியும்? சிங்களர், சோனகர், யவனர், சீனர் நாடுகளில் பார்ப்பார் இல்லையே என்று உலகப் படத்தையும் ஒருமுறை விரித்துக் காட்டுகிறார்.

இந்த அகவலுக்குள்ளேயே கபிலருக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. ஆதிக்கும் பகவனுக்கும் ஏழு பிள்ளைகள். வள்ளுவர், ஔவை, அதிகமான், உப்பை, உறுவை, வள்ளி, கபிலர். பிறந்த இடத்திலேயே விடப்பட்ட அவர்கள் ஆளுக்கொரு குலத்தில் வளர்கிறார்கள்; கபிலர் ஆரூரில் அந்தணர் வீட்டில். சங்கப் பாட்டில் இந்த உறவின் சாயல்கூட இல்லை. பாரியின் பறம்பு முற்றுகையில் இருந்த காலத்தில் பறவைகள் நெற்கதிர் கொண்டுவந்து ஊட்டியதை ஔவையும் பாடினார், நக்கீரரும் பாடினார். நக்கீரர் அங்கே கபிலர் பெயரைச் சொல்கிறார், உடன்பிறந்தவர் என்று சொல்லியிருக்க வேண்டிய ஔவை சொல்லவே இல்லை. ஏழு பேரையும் ஒரே வயிற்றில் பிறக்கவைத்தவர் பிற்காலத்தவர், எளிய தமிழ்க்காரர். ஆனால் பெயரைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அந்தணன் என்று சொல்லிக்கொண்ட பழைய புலவரின் வாயாலேயே குலத்தை மறுக்கவைப்பதைவிடக் கெட்டிக்காரத்தனம் உண்டா? மாமா எதை முரண்பாடு என்றாரோ அதுதான் நூலின் ஆயுதமே.

நான்கு பேரைப் பிரித்துவிட்டேன் என்று புத்தகங்களை மூடப்போன சமயம், குறுந்தொகைப் புலவர் பட்டியலில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. தொல்கபிலர். குறுந்தொகையில் ஒன்று, அகநானூற்றில் ஒன்று, நற்றிணையில் சில என்று கொஞ்சமாகத்தான் பாட்டு. தொல் என்றால் பழைய. 2000 ஆண்டுக்கு முந்தியவர்களுக்கே ஒரு பழைய கபிலர் இருந்திருக்கிறார்! சங்கப் பாட்டுகளைத் தொகுத்தவர்கள் இந்தக் குழப்பத்தை எதிர்பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கீரன் என்ற பெயருக்கு அவர்கள் பட்ட பாட்டைப் பாருங்கள். நக்கீரர், மோசிகீரனார், பொருந்தில் இளங்கீரனார் என்று ஊரும் வயதும் ஒட்டி ஒட்டிப் பிரித்திருக்கிறார்கள். அந்த இளங்கீரனார்தான் ஒரு சேரனைப் பாடும்போது, கபிலன் இன்று இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கியவர். எந்தக் கபிலன் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நூலகத்தோடு முடித்திருக்கலாம். திருக்கோவிலூர் போனது என் பேராசை. விழுப்புரத்தில் பஸ் மாறி, தென்பெண்ணை ஆற்றில் இறங்கினால், மணலுக்கு நடுவே தனியாக ஒரு பாறை, அதன் தலையில் சின்னதாக ஒரு கோயில். கபிலர் குன்று. பாரி இறந்தபின் கபிலர் உயிர்விட்ட இடம் என்கிறார்கள். மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர் இதுதான், அவனையும் கபிலர் பாடியிருக்கிறார். கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தப் பாறையைக் கபிலக்கல் என்றே குறிப்பிடுகிறது. பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது அது.

ஆற்றங்கரை நிழலில் உட்கார்ந்து புறநானூற்றைப் பிரித்தேன். 236ஆம் பாட்டின் அடிக்குறிப்பு வேறு சொல்கிறது. பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார். அதாவது உண்ணாமல் இருந்து உயிர் விட்டார். தீ இல்லை, மலையன் இல்லை. பாட்டிலோ இரண்டுமே இல்லை. கூட வருகிறேன் என்றவனை இரு என்று சொல்லிவிட்டுப் போனாயே, அப்படியானால் நான் உனக்குப் பொருத்தமானவன் இல்லையோ என்று பாரியிடம் ஒரு தாங்கல் மட்டும்தான். இதுபோதாதென்று ஊரில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தால், பாரியின் பெண்கள் அங்கவை சங்கவைக்கு ஔவைப்பாட்டி கல்யாணம் முடித்து வைத்த கதையைச் சொன்னார், மாப்பிள்ளை தெய்வீகன் என்ற அரசனாம். சங்கப் பாட்டில் அந்தப் பெண்களுக்குப் பெயரே இல்லை, பாரி மகளிர் என்பதோடு சரி. பெயர் பின்னால் வந்தது. 2007இல் ஒரு ரஜினி படம் அதை வைத்துச் சிரிக்கவும் வைத்தது, அது வேறு வயிற்றெரிச்சல்.

ஆக, பலரைப் பிரிக்கப் போன எனக்கு அங்கே ஒருவரே இரண்டாகக் கிடைத்தார், பட்டினி கிடந்தவர், தீயில் புகுந்தவர். பாறை மட்டும் ஒன்று.

ஊர் திரும்பியதும் மூவருக்கும் தகவல் சொன்னேன். மாமா கறிச்சோற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பாட்டு எண்ணை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஓதுவார் சிரித்தார். பெரியப்பா, "அப்போ என் கபிலருக்கு வயசு கம்மிங்கிறே" என்றார். குரலில் ஏமாற்றம் இருந்த மாதிரி தெரியவில்லை.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது நூலகர் அம்மாவிடம் பதிவேட்டைத் திருத்தலாமே என்றேன். சங்கக் கபிலர், இன்னா நாற்பது கபிலர், கபிலதேவ நாயனார், அகவல் கபிலர் என்று தனித்தனியே எழுதிக் கொடுத்தேன். தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்தார்.

"பிரிச்சு வச்சுட்டா தேடி வர்றவங்களுக்கு யாரு சார் எடுத்துக் குடுக்குறது? கபிலர் இருக்காங்களான்னுதான் கேக்குறாங்க" என்றவர், தாளை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்தையும் பழைய அடுக்கிலேயே செருகினார். இன்னா நாற்பதை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்ததற்கு அபராதம் கேட்டார். கட்டினேன்.