வெளிச்சம் பிடித்தவன்

தேவதானம் நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலின் வைகாசித் தேர் நிலைக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலையில், தேர் பார்ப்பதற்கென்று கோயம்புத்தூரிலிருந்து விடுமுறை எடுத்துக்கொண்டு வந்திருந்த என் மகள், வீட்டுக்குப் பின்புறம் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து, எங்கள் பழைய புல்லட்டின் பெட்ரோல் டேங்கை மடியில் கிடத்திக்கொண்டு, பக்கத்தில் இருந்த வாளித் தண்ணீரில் உப்புத்தாளை நனைத்து நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். தாத்தாவின் வண்டியை ஒரிஜினல் நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவளுடைய சங்கல்பம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் உள்ளூறக் கூசினேன். அந்த வண்டியின் ஒரிஜினல் நிலையைக் கெடுத்த மகாபாவி, அவளுக்குக் காப்பி எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்ற நான்தான்.

என் தந்தையார் இராஜபாளையத்து நூல் மில் ஒன்றில் பிட்டராக இருந்தவர். அத்தனை யந்திரங்களும் ஒருசேர இரைந்துகொண்டிருக்கையில், எந்தப் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது என்பதைக் காதினாலேயே கண்டுபிடிக்கக்கூடியவர் என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட காது படைத்தவருக்குப் புல்லட்டின் சப்தத்தில் மோகம் உண்டானது ஆச்சரியமில்லை. ஆனால் புதுப் புல்லட் வாங்கும் சம்பளம் அவருக்கு இல்லை. 1972-இல் இராணுவத்தார் கழித்துக் கட்டிய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சென்னைக்குப் போனவர், என் தாயாரின் இரண்டு வளையல்களை அங்கே ஒரு புல்லட்டாக மாற்றி, லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த புல்லட், எல்லைக் காவலுக்கு உரம் வாய்ந்த மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று நமது இராணுவம் விரும்பியதன் பயனாக இந்நாட்டுக்கு வந்தது. 1955-இல் ரெட்டிச் கம்பெனியாரும் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்னும் கம்பெனியை ஏற்படுத்த, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. காலக்கிரமத்தில் தாய்க் கம்பெனி நொடித்து மூடப்பட்டது. திருவொற்றியூர்ப் பிள்ளையோ பிழைத்துக்கொண்டதோடு நில்லாமல், 1977 முதல் இங்கிலாந்துக்கே புல்லட்டை ஏற்றுமதி செய்யவும் தொடங்கியது. என் தந்தையார் இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம், ஏதோ தாமே கப்பலில் ஏற்றி அனுப்பியவர் போல மீசையைத் தடவிக்கொள்வார்.

புல்லட்டைக் கிளப்புவது அக்காலத்தில் ஒரு சடங்கு. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக மிதித்துக்கொண்டு வந்தால், ஓரிடத்தில் அது கல்லாக இறுகி நின்றுவிடும். அப்போது இடக்கையால் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அம்மீட்டரின் முள் நடுவுக்கு வருமளவும் பிஸ்டனை ஒரு நூல் நகர்த்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு தேகத்தின் பாரம் முழுவதையும் வலக்காலில் இறக்கி ஒரே உதையாக உதைக்க வேண்டும். முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும். அப்படி அடி வாங்கி, ஒரு வாரம் விந்தி விந்திப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எனக்கு அந்த வித்தை கைவந்தது. கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். நியூட்ரலைத் தேடித் தர ஒரு தனி லீவர். இன்றைய வண்டிகளில் பழகியவர்கள் அதில் ஏறினால், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்துவிட்டுத் திகைப்பார்கள்.

ஓட்டுவதைக் காட்டிலும் கழற்றுவதில்தான் தந்தையாருக்குப் பிரியம் அதிகம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிளாட்டினம் பாயிண்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளி பார்ப்பார். டார்ச் லைட் பிடிப்பது என் உத்தியோகம். தகப்பனுக்கு விளக்குப் பிடித்து வசவு வாங்காத பிள்ளை இந்த உலகத்தில் இருக்க முடியாது என்பது என் துணிபு. "வெளிச்சத்தை என் கை போகிற இடத்தில் பிடிடா, உன் கண் போகிற இடத்தில் பிடிக்காதே" என்பார். அந்த வண்டியின் நட்டுகளில் பல பழைய ஆங்கிலேய அங்குலக் கணக்கில் அமைந்தவை என்பதை அறியாமல், அவர் இல்லாத சமயம் பார்த்து மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டு முறுக்கி, ஒரு நட்டின் ஆறு மூலையையும் நான் மழுக்கிவிட்டேன். அன்றைக்கு அவர் என்னை அடிக்கவில்லை. மழுங்கிய நட்டை உளியால் தட்டிக் கழற்றும் வேலையை எனக்கே கொடுத்தார். அரை நாள் பிடித்தது.

1983-இல் வண்டி என் கைக்கு வந்தது. இருபத்தொரு வயது, காசின் அருமை தெரியாத பருவம். இராஜபாளையத்தில் ஒரு பட்டறைக்கு ஓட்டிச்சென்று, ஹேண்டில் பாரை மாட்டுக்கொம்பு போல உயர்த்தி, பின் மட்கார்டைப் பாதியாக வெட்டி, கறுப்பாக இருந்த டேங்குக்கு அரக்குச் சிவப்பு அடித்து, பக்கவாட்டில் இருந்த டூல் பாக்ஸ் கிழவர்களுக்கு உரியது என்று தீர்மானித்துக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் நான்கு ரூபாய்க்குப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவனைப் போல ஊருக்குள் நுழைந்தேன். தந்தையார் வண்டியை ஒரு முறை சுற்றி வந்தார். "மட்கார்டை வெட்டிவிட்டாயே, மழை நாளில் சேறு யார் முதுகில் அடிக்கும்?" என்று கேட்டார், அவ்வளவுதான். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் விடிகாலையில் எழுந்து பார்க்கிறேன்: உயர்த்திய ஹேண்டிலுக்கு எட்டாமல் விறைத்துக்கொண்டிருந்த கிளட்ச் கேபிளைக் கழற்றி எறிந்துவிட்டு, நீளமான கேபிள் ஒன்றை எங்கிருந்தோ சம்பாதித்து வந்து மாட்டிக்கொண்டிருந்தார். என் அலங்காரம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் அவர் வீட்டு வண்டியில் கிளட்ச் இழுத்துப் பிடிப்பதை அவர் காது பொறுக்கவில்லை.

வண்டியைத் தன் மனம் போல மாற்றிக்கொள்வது இளைஞர்களின் பைத்தியம் என்று பெரியவர்கள் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் பக்கத்து மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் ஓடும் டி.வி.எஸ். 50 வண்டிகளைப் பாருங்கள். ஓசூரில் 1980 முதல் உற்பத்தியாகி வந்த அந்தச் சிறு வண்டி, அதைப் படைத்தவர்கள் நினைத்த உருவத்திலேயே எங்கேயாவது ஓடியதுண்டா? பின்சீட்டைக் கழற்றி இரும்புச் சட்டம் பற்றவைத்து, இரண்டு புறமும் பால் கேனுக்குக் கொக்கி மாட்டி, தேங்காய் மூட்டைக்கு ஒன்று, புல்லுக்கட்டுக்கு ஒன்று என்று அவரவர் தொழிலுக்கேற்ற அவதாரம் கொடுத்திருக்கிறார்கள். தகப்பன் மாட்டிய கொக்கியில்தான் மகனும் கேனை மாட்டுகிறான். எனக்குச் சகிக்காத மாற்றம் ஒன்றே ஒன்று: சைலன்சரின் குடலை உருவிவிட்டு, பட்டாசு வெடிப்பது போலத் தெருவெல்லாம் அதிர ஓட்டுவது. மலையடிவாரத்தில், 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டின் ஓரத்தில் அப்படிச் செய்கிறவர்களுக்கு எந்த அபராதமும் தகும்.

சட்டமோ என்னைப் போன்றவர்களையும் விட்டுவைக்கவில்லை. தயாரித்த கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவது கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல, அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், சட்டத்துக்குப் புறம்பான ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரையில் சிறைவாசம் என்று விதித்தது. என் மகள் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்பா, உங்க கணக்கு இருபதாயிரம் வருது" என்றாள்.

உப்புத்தாள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அரக்குச் சிவப்பு கரைந்து வாளித் தண்ணீர் குங்கும நீராயிற்று. அதன் அடியில் தந்தையாரின் கறுப்பு தெரிந்தது. கறுப்பின் மேல், டேங்கின் வளைவை ஒட்டி, மங்கிய தங்கக் கோடு ஒன்று. புல்லட்டின் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுப்பது திருவொற்றியூரின் சம்பிரதாயம்; இருவர் நெடுநாள் அந்தக் கலையைக் காப்பாற்றி வந்ததாகப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். எங்கள் வண்டியின் கோடு அவர்கள் இழுத்ததன்று. ஏலத்தில் வந்த வண்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லாததால், தந்தையாரே ஓர் இரவு மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தது. இடப்புறத்தில், முழங்கால் படும் இடத்துக்குச் சற்று முன்னால், கோடு ஒரு நெல்லளவு நெளிந்திருக்கிறது. அந்த நெளிவு என்னுடையது. தூக்கக் கலக்கத்தில் டார்ச்சை நான் அசைக்க, அவர் கை தப்பியது. அன்று வாங்கிய வசவு இன்றும் எனக்கு அட்சரம் பிசகாமல் பாடம்.

இதை நான் சொன்னதும் அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். வீட்டுக்குள் போய் ஒரு மெல்லிய தாளைக் கொண்டுவந்து டேங்கின் மேல் விரித்து, பென்சிலால் அந்தக் கோட்டை நெளிவோடு படியெடுத்துக்கொண்டு, பிறகு மறுபடியும் தேய்த்தாள். கறுப்புக்கும் அடியில் கரும்பச்சை: இராணுவத்தின் நிறம். ஒரிஜினல் என்றால் அதுவல்லவா ஒரிஜினல்! அவள் முகம் மலர்ந்தது. ஆனால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு விதி, பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறெதற்கும் அந்தப் பச்சையைப் பூசக் கூடாது என்கிறது. இன்றைய விருதுநகர் மாவட்டம் 1985-இல் உண்டாவதற்கு முன்பே, இராமநாதபுரம் மாவட்டத்தின் பெயரால் எழுதப்பட்ட எங்கள் ஆர்.சி. புத்தகத்திலும் நிறம் கறுப்பு என்றே இருக்கிறது. நஞ்சூட்டிய ஆடையைத் தவிர்த்தருளிய சுவாமியின் ஊரில், ஒவ்வோர் ஆடையாகக் களைந்துகொண்டு வந்த எங்கள் புல்லட், கடைசியில் நடு ஆடையையே உடுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்று இரவு கறுப்பு உலர்ந்த மற்றொரு பாகத்தில் அவள் கோடு இழுத்துப் பழகினாள். கரண்டு போய்விட்டது, டார்ச் பிடித்தேன். "வெளிச்சம் ஆடுதுப்பா" என்றாள். அறுபது வயதுக்கு மேல் கை ஆடாமல் என்ன செய்யும்? டேங்கில் கோடு இழுத்தபோது, நெளிவை நேராக்கிவிடு என்று நான் எவ்வளவோ சொல்லியும் அவள் கேட்கவில்லை. தாளில் இருந்தபடியேதான் இழுத்தாள்.

மட்கார்டு மதுரையில் கிடைத்துவிட்டது. ஹேண்டில் பாரும் பழைய உயரத்துக்கு இறங்கி, தந்தையாரின் நீளமான கேபிள் இப்போது வளைந்து தொங்குகிறது. அதை மாற்ற அவளுக்கு மனமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோகும் நாளும் நெருங்கிவிட்டது. குறை ஒன்றுதான். அக்காலத்து 350 புல்லட்டின் டூல் பாக்ஸ், துருப்பிடித்திருந்தாலும் நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, இதைப் படிக்கும் அன்பர்களில் எவர் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தேவதானத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் நான்கு ரூபாய்க்கு விற்றதை நாலாயிரம் கொடுத்து வாங்க என் மகள் சித்தமாக இருக்கிறாள்.