இளைப்பாறுதல் யார் விருப்பம்?

உத்தியோகத்தை விட்டு நீங்கியவரை 'இளைப்பாறியவர்' என்று கூறுவது ஈழத்துத் தமிழ் வழக்கு. இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர் என மரண அறிவித்தல்களிலும் கல்யாண அழைப்பிதழ்களிலும் அச்சொல் இன்றும் கம்பீரத்தோடு வீற்றிருக்கிறது. தமிழகத்தார் 'ஓய்வு பெற்றவர்' என்பர். ஓய்வு என்பது பிறர் கொடுக்க ஒருவர் பெறுவது; இளைப்பாறுதலோ தாமே செய்வது. அதற்கு முதலில் இளைக்க வேண்டும், அதாவது உழைத்துக் களைக்க வேண்டும். பின்னர் அக்களைப்பு ஆறவேண்டும். களையாதவனை இளைப்பாறு என்று எவரும் சொல்வதில்லை. தமிழ் பயிற்றுவிப்போருக்கு இத்தகைய சொல்லாராய்ச்சி ஒரு பொழுதுபோக்கு. ஆயின் இவ்வாண்டு அச்சொல் எமது குடும்பத்துக்குள்ளேயே ஒரு வழக்காக வந்து சேர்ந்தது.

எமது மூத்த அண்ணருக்கு வயது 53. கொழும்பின் புறநகரிலே பொதியிடற் பொருட்கள் செய்யும் ஒரு கம்பனியில் 1999ஆம் ஆண்டு களஞ்சிய உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் களஞ்சியப் பொறுப்பாளராகி, இருபத்தாறு ஆண்டுகளை அங்கே நிறைத்தவர். அவருக்கும் எமக்கும் இடையே பதினாறு ஆண்டு இடைவெளி. எமது பல்கலைக்கழகப் படிப்புக்கான பணம் அந்தக் களஞ்சியத்திலிருந்தே வந்தது. இதை எழுதும் தமிழும் ஒருவகையில் அக்கம்பனியின் சம்பளப் பட்டியலிலிருந்து வந்ததுதான். இவ்வாண்டின் தொடக்கத்திலே களஞ்சியக் கணக்குகள் யாவும் கணினி முறைக்கு மாற்றப்பட்டன. சில வாரங்களின் பின் பத்தொன்பது பேருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதன் தலைப்பைத் தமிழாக்கினால், 'சுயவிருப்பின் பேரில் முன்கூட்டியே ஓய்வு பெறும் திட்டம்' என வரும். பதினான்கு நாட்களுக்குள் ஒப்பமிடுவோருக்குப் பணிக்கொடைக்குப் புறம்பாக 28 லட்சம் ரூபா. ஒப்பமிடாதோரின் பதவி 'மிகையானதாகக் கருதப்படும்'. விருப்பத்துக்குப் பதினான்கு நாட் தவணை விதிக்கும் விந்தையை நாம் அக்கடிதத்திலேதான் கண்டோம்.

அண்ணருக்குப் பிள்ளைகள் மூவர். மூத்தவள் பேராதனையில் இரண்டாம் ஆண்டு. மகன் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுபவன். கடைக்குட்டி ஆறாந் தரம். அவள் பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்று வெளியேறும்போது தந்தைக்கு அறுபத்தைந்து வயது கடந்திருக்கும். கல்வி இந்நாட்டில் 1945ஆம் ஆண்டிலிருந்து இலவசம். அதன் பயனை உண்டு வளர்ந்தவர்கள் நாம். அதனைக் குறைத்துப் பேச மாட்டோம். எனினும் உயர்தர வகுப்பிலே மூன்று பாடங்களுக்கும் தனியார் வகுப்பு, பேருந்துக் கட்டணம், பிரதியெடுக்கும் செலவு என்று ஒரு வீடு மாதந்தோறும் இறைப்பதை, பாடசாலையில் நின்றுகொண்டே காண்பவர்களும் நாம்தான். அண்ணரின் வீட்டுச் செலவு மாதம் ஏறத்தாழ ஒரு லட்சம். சம்பளம் 92,000. மிகுதியை அண்ணியின் தையல் இயந்திரம் நிரப்புகிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் மறு ஆண்டிலே நிறைவேற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருக்கும் ஒரு தொழில்தருநர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நீக்குவதாயின் இரண்டிலொன்று வேண்டும் என்கிறது: ஒன்று, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதம், மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி. முதலாளிமாரும் உலக வங்கி முதலிய நிறுவனங்களும் இச்சட்டத்தைப் பன்முறை குறைகூறியுள்ளனர். வேலையில்லாக் காலத்துக்கான காப்புறுதியை ஒருபோதும் கண்டிராத இந்நாட்டிலே, வேலையிழப்போனுக்கும் வெறுவீதிக்கும் இடையே நிற்கும் ஒரே சுவர் அதுவாதலின், அவர்களது வெறுப்பு விளங்கக்கூடியதே. ஆயின் சுவரிலே ஒரு கதவு உண்டு. அதன் பெயர் சம்மதம். ஒப்பம் கிடைத்துவிட்டால் ஆணையாளரும் வேண்டாம், விசாரணையும் வேண்டாம். ஆட்குறைப்பு என்ற பெயரும் வேண்டாம். ஓய்வு என்ற மங்கலப் பெயரே போதும்.

ஆணையாளர் அனுமதி வழங்கினால் எவ்வளவு நட்டஈடு என்பதற்கு 2005ஆம் ஆண்டு வர்த்தமானியில் ஒரு சூத்திரம் வெளிவந்தது. முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வரை இரண்டு மாதம். 15 முதல் 19 வரை ஒன்றரை. 20 முதல் 24 வரை ஒன்று. 25இலிருந்து அரை மாதம். அண்ணரும் நாமும் ஓரிரவு இக்கணக்கைப் போட்டோம். 26 ஆண்டுகளுக்கு 44 மாதச் சம்பளம். 40 லட்சத்து 48 ஆயிரம் ரூபா. அண்ணரின் முகம் சற்றே தெளிந்தது. பின்னர் உச்சவரம்பை வாசித்தோம். முன்பு பன்னிரண்டரை லட்சமாக இருந்து 2021இல் இருமடங்காக்கப்பட்ட அவ்வரம்பு 25 லட்சம். அதற்கு மேல் சூத்திரம் எதைச் சொன்னாலும் செல்லாது. கம்பனி 28 லட்சம் என்று கூறியதன் இரகசியமும் அப்போது வெளித்தது. விசாரணையில் தோற்றாலும் 25. ஒப்பத்தை வாங்க மேலும் மூன்று. ஒரு மனிதனின் சம்மதத்துக்கு அவர்கள் குறித்த விலை மூன்று லட்சம்.

அச்சூத்திரத்தில் எம்மை உறுத்தியது வேறொன்று. தொழிலிலே ஆண்டு ஏற ஏற, ஆண்டின் பெறுமதி இறங்கிக்கொண்டு போகிறது. கற்றுக்குட்டியாக அட்டைப்பெட்டி சுமந்த முதலாண்டுக்கு இரண்டரை மாதம். களஞ்சியம் முழுவதையும் நினைவிலேயே வைத்திருந்த இருபத்தாறாம் ஆண்டுக்கு அரை மாதம். வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு இளைஞனுக்குக் கூடுதல், முதியவனுக்குக் குறைவு என்பது பத்திரிகையில் வேலைவாய்ப்பு விளம்பரம் வாசிக்கும் எவரும் அறிந்தது. '35 வயதுக்குட்பட்டோர்' என்ற வரி இல்லாத விளம்பரத்தை அண்ணர் தேடிக் களைத்தார். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவர் வயதினருக்குத் தனியார் துறையிலும் ஓய்வு வயதை 60 ஆக்கிற்று. சட்டம் அறுபது என்கிறது. சந்தை முப்பத்தைந்து என்கிறது. இரண்டுக்கும் இடையிலான இருபத்தைந்து ஆண்டிலே பிள்ளைகளை வளர்க்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் சொல்லவேண்டும். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், தொழில்தருநரின் பங்காக 12 வீதம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அது பிறந்தபோது தொழில் அமைச்சராக இருந்தவர் டி. பி. இலங்கரத்ன. அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்தின் தலைவராக நின்று, 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின் காரணமாகத் தம் உத்தியோகத்தை இழந்தவர் அவர். அதே வேலைநிறுத்தத்தில், யூன் 5ஆந் திகதி, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தவர் கந்தசாமி என்னும் எழுதுவினைஞர். வேலையிழந்த ஒருவர் அமைச்சராகித் தொழிலாளரின் முதுமைக்கு ஒரு நிதியம் கண்டார் என்ற வரலாற்றை எம் மாணவர்க்கு எந்தப் பாடநூலும் சொல்வதில்லை. நாம் தருணம் வாய்க்கும்போது சொல்வதுண்டு.

அந்நிதியில் அண்ணரின் கணக்கிலே 50 லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாக உண்டு. ஆண்களுக்கு 55 வயதில்தான் அதனை எடுக்கலாம். இன்னும் இரண்டு ஆண்டு. 2022இலே நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்த ஆண்டில், புரட்டாதியளவில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியபோது, அவ்வைம்பது லட்சத்தின் ஒரு பகுதி எவர் கையும் தொடாமலே கரைந்து போயிற்று. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற பெயரில் சேமலாப நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. 2026 வரை 12 வீத வட்டி, அதன்பின் 9 வீதம். மாற்ற மறுத்தால் முறி வருமானத்தின் மீது 30 வீத வரி என்று அரசாங்கம் அறிவித்தது. இங்கும் 'விருப்பம்' என்ற சொல்லே பயின்றது. கம்பனியின் கடிதத்தை எழுதியவர் அரசாங்கத்திடம் நடை பயின்றிருக்க வேண்டும்.

மூத்த மகள் பேராதனையிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது வேறொரு கணக்கைக் கொணர்ந்தாள். ஆண்டுச் செலவின் இருபத்தைந்து மடங்கு ஒருவரிடம் இருந்தால், அவர் எவ்வயதிலும் வேலையை விட்டு அதன் வருவாயிலே வாழலாமாம். இளைஞரிடையே இன்று இதுவே வேதம். அமெரிக்க நிதி ஆலோசகரான வில்லியம் பெங்கன் 1994இல் தம் நாட்டுப் பங்குகளதும் முறிகளதும் பழைய வருவாய்களை ஆராய்ந்து வரைந்த முடிவிலிருந்து பிறந்தது அது. அமெரிக்காவின் வரலாற்றிலே பெறப்பட்ட விதியை, ஓராண்டில் ரூபாவின் பெறுமதி பாதியளவாகச் சரிந்த தேசத்துக்குப் பொருத்துவதெங்ஙனம்? பொருத்தினாலும்தான் என்ன? அண்ணருக்கு வேண்டியது மூன்று கோடி. அவரிடம் சேரக்கூடியது, கம்பனியின் 28, பணிக்கொடை 12, சேமலாப நிதி 50 என எல்லாமாகத் தொண்ணூறு லட்சம். அதிலும் உடனே கைக்கு வருவது நாற்பது. எட்டு வீத வட்டிக்கு வங்கியில் இட்டால் மாதம் இருபத்தாறாயிரத்துச் சொச்சம். மகள் கொப்பியை மூடிவிட்டு, தான் படிப்பை ஓராண்டு நிறுத்தி வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். அண்ணர் அவளைக் கோபித்ததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டோம்.

எமது ஆசிரியர் அறையில் இச்செய்தி பேசப்பட்டபோது, காசை வாங்கி நிலையான வைப்பில் இட்டுவிட்டு ஒரு முச்சக்கரவண்டி வாங்கி நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். பழைய வண்டியே பத்து லட்சத்துக்கு மேல் என்பதை அவர் விசாரித்திருக்கவில்லை. நிம்மதி என்பதை ஒருவர் தனியே வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணந்தான் எமக்கு வியப்பளித்தது. நரையின்றி வாழ்வதெப்படி என்று கேட்கப்பட்ட பிசிராந்தையார், மனைவி மக்களையும் ஏவலரையும் மட்டுமா சொன்னார்? தீமை செய்யாது காக்கும் வேந்தனையும், தம் ஊரில் வாழும் சான்றோரையும் சேர்த்தன்றோ சொன்னார்! சங்கப் புலவருக்குத் தெரிந்த அரசியல் எம் சகாக்களுக்குத் தெரியாதது வருத்தத்துக்குரியது.

எனினும் அண்ணியின் வாதத்தை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. ஒப்பமிட வேண்டாம் என்று நாம் கூறியபோது அவர் தையலை நிறுத்தாமலே சொன்னார்: "உமக்கென்ன, மாதம் முடிய அரசாங்கம் படியளக்கும். விசாரணை எண்டு இழுத்துக்கொண்டு போனால் பிள்ளையளின்ரை படிப்பை ஆர் பாக்கிறது? இருபத்தெட்டு எண்டாலும் கையிலை காசு." இதில் பொய் ஒன்றுமில்லை. அரசாங்க ஆசிரியருக்கு அறுபது வயதில் ஓய்வூதியம் உண்டு; மாதச் சம்பளம் தவறுவதில்லை. பிறர் துணிய வேண்டியவிடத்தில் துணிவை உபதேசிப்பது எம்மைப் போன்ற மத்தியதர வர்க்கத்தினரின் பழைய சுகம். ஆதலால் நாம் ஒன்று செய்தோம். விசாரணை முடியும்வரை சம்பளம் நின்றுபோனால் மகனின் வகுப்புக் கட்டணமும் மகளின் விடுதிச் செலவும் எம் பொறுப்பு என்று அண்ணிக்கு வாக்களித்தோம். எமக்கும் சிறு பிள்ளைகள் இருவர். எம் துணைவரோடு ஆலோசித்தே வாக்களித்தோம். பழைய கடனில் ஒரு சிறு பகுதி அது. அதன்பின் அண்ணி ஒப்பமிடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாளிரவு அண்ணரிடம் நேராகவே கேட்டோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்து, "எனக்கு இன்னும் களைக்கேல்லை" என்றார்.

பத்தொன்பது பேரில் பன்னிருவர் ஒப்பமிட்டனர். அவர்களை நாம் குறைகூறோம். ஒருவருக்கு வீட்டுக்கடன், இன்னொருவருக்கு மனைவியின் சத்திரசிகிச்சை. மறுத்தவர் எழுவர்: சிங்களவர் நால்வர், தமிழர் இருவர், முஸ்லிம் ஒருவர். அங்கே தொழிற்சங்கம் இல்லை. இருபத்தாறு ஆண்டில் அதற்கு அவசியம் இருந்ததாக எவரும் எண்ணவில்லை. எழுவரின் பேரிலும் தொழில் ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. தமிழில் நாம் வரைய, களுத்துறையைச் சேர்ந்த ஒரு பொறிவினைஞர் அதனைச் சிங்களமாக்கினார். எமது வரைவில் 'ஓய்வு பெற நாம் சம்மதிக்கவில்லை' என்றிருந்ததை அவர் மாற்றி, 'நாம் வேலை செய்ய விரும்புகிறோம்' என்று எழுதினார். சிங்களத்தில் அப்படித்தான் தெளிவாக இருக்கும் என்றார். தமிழிலும் அப்படியே திருத்திக்கொண்டோம்.

இப்போது கம்பனி அனுமதி கோரி விண்ணப்பித்துள்ளது. களஞ்சியத் திறப்புக்கோவையை அண்ணரிடமிருந்து வாங்கிவிட்டார்கள். சம்பளம் இதுவரை வருகிறது. காலை ஆறே காலுக்குப் பேருந்தில் ஏறிச் சென்று, கொடுக்கப்பட்ட ஒரு மேசையில் மாலை ஐந்து மணிவரை வெறுமனே இருந்துவிட்டு வருகிறார். நாரஹேன்பிட்டியில் முதல் விசாரணை அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை. அன்று உயர்தர வகுப்புக்கு எமக்கு இரண்டு பாடவேளை. அரைநாள் லீவுக்கு அதிபரிடம் விண்ணப்பித்திருக்கிறோம்.