வேனில் ஒரு கரையோரப் பயணம்

பொங்கல் விடுமுறைக்கு வேன் எடுக்கிறோம். நயினார்கோவில் நாகநாதரைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். லாட்ஜ் கிடையாது, அடுப்பு, பாய், கொசுவலை எல்லாம் வண்டியிலேயே. கரையோரம் பல ஊர்களில் தண்ணீர் உப்பு என்பதால் குடிதண்ணீர் கேன்தான் முதலில் ஏறும்.

உத்தரகோசமங்கை, திருப்புல்லாணி, சேதுக்கரை, பிறகு பாம்பன். 1914-இல் திறந்த ரயில் பாலத்தையும் 2025-இல் திறந்த புதியதையும் பிள்ளைகள் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடியில், 1964 புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர் முன்னால் அவசரமில்லாமல் நிற்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. அங்கே இரவு தங்க அனுமதியில்லை. பொழுது சாய்வதற்குள் ராமேஸ்வரம் திரும்பிவிடுவோம். வரும் வழியில் சித்திரங்குடிப் பறவைகள்.

எங்கே படுத்தாலும் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான். இரவில் வேன் நிறுத்த நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குப்பையை நாங்களே அள்ளிக்கொண்டு வந்துவிடுவோம்.