அடிக்கலாகாத இடம்

ஆயுதப் பயிற்சி என்றதும் எங்கே அடிப்பது என்பதே நம் எண்ணத்தில் முன்னிற்கின்றது. எங்கே அடிக்கலாகாது என்பதே அதன் முதற்பாடம் என்பதை நான் காலந்தாழ்த்தியே உணர்ந்தேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கத்தை, ஞாயிறு படுகின்ற திசைபற்றிப் படுவான்கரை என்பர். அங்குள்ள எங்கள் ஊரில், அறுவடை முடிந்த வயலில், மாமா எங்களுக்குக் கம்பு பழக்கினார். இடுப்புக்குக் கீழே அடிக்கலாகாது, கண்ணை நோக்கிக் குத்தலாகாது என்பன அவர் வகுத்த விதிகள். ஒருநாள் மாலை மச்சானிடம் மும்முறை தோற்றேன். நான்காம் முறை என் கம்பு அவன் முழங்காலில் இறங்கிற்று. கை தவறிவிட்டது என்றேன். மாமா ஏசவில்லை. "கம்பைக் கீழே வை மனே" என்றார்; அவ்வளவே. அவ்வாண்டு ஊர்க் கூத்தில் வீமனாக ஆடவிருந்த மச்சான் சதங்கை அணியவில்லை.

பல்லாண்டுகள் கழித்து, 2021ஆம் ஆண்டு யூலை 26ஆந் திகதி, ரோக்கியோ ஒலிம்பிக் வாட்போரில் சென்னையைச் சேர்ந்த பவானிதேவி களமிறங்கியதைக் கண்டேன். அவ்விளையாட்டில் இந்தியாவின் சார்பில் ஒலிம்பிக் அரங்கேறிய முதலாமவர் அவர். துனீசிய வீராங்கனையை 15–3 என வென்று, அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7–15 எனத் தோற்றார். அவர் ஏந்திய ஆயுதம் சேபர். அன்று தொடங்கி அவ்விளையாட்டின் விதிகளைத் தேடிப் படிக்கலானேன்.

வாட்போரில் ஆயுதங்கள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் இலக்கு வேறு. பயிற்சி வாளாகத் தோன்றிய ஃபாயிலில் உடம்பின் நடுப்பகுதியை முனையால் தொட்டால் மட்டுமே புள்ளி. கையிலோ காலிலோ பட்டால் புள்ளி இல்லை, ஆட்டமும் நிறுத்தப்படும். இருவர் தனித்துப் பொருதும் பழைய வழக்கிலிருந்து வந்த எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை யாவும் இலக்கு. இருவரும் ஒருங்கே தொட்டால் இருவர்க்கும் புள்ளி. சேபரில் முனையாலும் அலகாலும் தாக்கலாம். ஆயின் இலக்கு இடுப்புக்கு மேற்பட்ட உடம்பும் தலையும் மணிக்கட்டு வரையுள்ள கைகளுமே. மாமாவின் விதிக்கு அணித்தாய் நிற்பது இதுவே.

இவ்வெல்லை நமக்குப் புதியதன்று. பாரதக் கதையில் கதாயுதப் போருக்கு நாபிக்குக் கீழே அடிக்கலாகாது என்பது நியதி. வீமன் துரியோதனனின் தொடையில் அடித்தான். வென்றவன் அவனாயினும் பலராமன் சினந்தான். எங்கள் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்படும் 'பதினெட்டாம் போர்' இக்கதையைச் சார்ந்ததே. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், அம்பு தொடுக்குமுன் பசுக்களையும் பெண்டிரையும் பிணியாளரையும் அரண் சேருமாறு அறிவிக்கும் பாண்டியனை நெட்டிமையார் பாடுகின்றார். 1983இல் மூண்டு 2009இல் முடிந்த போரில் அவ்வறிவிப்பு எம் கரைகளுக்கு எட்டவில்லை. உடம்பில் எவ்விடம் என்ற வினா மட்டுமன்றி, எவருடைய உடம்பு என்ற வினாவும் அக்காலத்தில் அற்றுப்போயிற்று. ஆகவேதான் வயலில் கற்ற சிறு விதி இன்று எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

வாட்போரில் அடியை மின்விளக்குக் காட்டும் முறை வருமுன், அடிபட்டவரே 'பட்டது' என ஒப்புக்கொள்வது மரபாக இருந்தது. அதைப் படித்தபோது, அடித்தவனாகிய நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லையே என்ற எண்ணம் உறுத்திற்று. அடுத்த முறை ஊர் சென்றபோது, வாவிக்கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மச்சானிடம், "அன்று என் கை தவறவில்லை" என்றேன்.

அவன் தலை நிமிரவில்லை. "அது அண்டைக்கே தெரியும்" என்றான். பின்னர், "மாமா இருக்கக்குள்ள சொல்லியிருக்கலாம்" என்றான்.