மருந்தா, கத்தியா?

(மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி)

சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவரின் கதையை நம் ஊரில் அறியாதார் இல்லை. சிவனே பெரியவன் என்றான் ஒருவன். திருமாலே பெரியவன் என்றான் மற்றவன். அவர்கள் வழக்கைத் தீர்க்கக் கோமதி அன்னை தவமிருந்தாள். இறைவனோ பாதி அரனாகவும் பாதி அரியாகவும் காட்சி தந்தான். 2025 ஆம் ஆண்டு எங்கள் வீட்டிலும் அத்தகைய வழக்கு ஒன்று எழுந்தது. ஊசி மருந்தே நல்லது என்றனர் சிலர்; அறுவையே நல்லது என்றனர் சிலர். நடுவே நின்றவள் என் அக்காள்.

அக்காளுக்கு வயது 36. எடை 112 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் பருமன் குறியீடு அவளுக்கு 46. இந்தியருக்கு அது 25 ஐ எட்டினாலே பருமன் என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. ஏழாண்டுச் சர்க்கரை நோய். உறக்கத்தில் மூச்சுத் திணறல். தையல் இயந்திரத்தை மிதித்துப் பிழைக்கும் அவளைத் தெருவார், ‘தின்றே கொழுத்தவள்’ என்றனர். வீட்டில் எல்லாரிலும் குறைவாக உண்பவள் அவளே என்பது எங்களுக்கன்றோ தெரியும்!

ஊசி மருந்தின் வரலாறு விலங்கியல் மாணவர்க்கு விருந்து. நாம் உண்டதும் குடலில் ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீர் சுரந்து, ‘போதும்’ என்று மூளைக்கு உணர்த்துகிறது. ஆனால், சில நிமிடங்களில் சிதைந்து விடுகிறது. அமெரிக்கப் பாலைநிலத்தில் வாழும் கீலா என்ற நச்சுப் பல்லியின் நச்சுநீரில், அதை ஒத்த, எளிதில் சிதையாத பொருள் இருப்பதை ஜான் எங் என்ற ஆய்வாளர் 1992 இல் வெளியிட்டார். அதிலிருந்து 2005 இல் சர்க்கரை நோய்க்கு ஒரு மருந்து பிறந்தது. அவ்வழியில் பின்னர் வந்தவையே செமாகுளூடைடும் டிர்செபடைடும். செமாகுளூடைடை 68 வாரங்கள் சோதித்த பெரிய ஆய்வொன்றில், சராசரியாக நூற்றுக்கு 15 பங்கு எடை குறைந்தது. ஆனால், ஊசியை நிறுத்தி ஓராண்டு சென்றபின், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது.

விலையையும் பார்க்க வேண்டுமே! 2025 மார்ச்சில் டிர்செபடைட் இந்தியாவுக்கு வந்தபோது, ஐந்து மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். வாரம் ஒன்றாக மாதம் நான்கு. ஆக 17,500 ரூபாய். அறுவைக்கோ எங்களிடம் கேட்ட தொகை மூன்றரை இலட்சம். அப்பா காலண்டரின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். இருபது மாத ஊசியும் ஓர் அறுவையும் ஒரே விலை!

அறுவையில் இரைப்பையின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் ஆக்கிவிடுகிறார்கள். கொள்ளளவு குறைவதோடு, பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரும் குறைகிறது. இவ்வகை அறுவைகளை 1987 முதல் ஆராய்ந்த சுவீடன் நாட்டு அறிஞர்கள், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு குறைவு என்று 2007 இல் அறிவித்தனர். எனினும் குருதிப்போக்கு, தையல் கசிவு முதலிய இடர்கள் உண்டு. சத்து மாத்திரைகளை வாழ்நாளெல்லாம் உண்ண வேண்டும். 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இவ்வறுவைக்கெனச் சென்னைப் பக்கம் சென்று உயிரிழந்த செய்தியை அம்மா மறக்கவே இல்லை.

“அறுத்துப் போட்ட வயிறு ஒட்டுமாட்டி? ரெண்டு பிள்ளைய வச்சிருக்கவ. ஊசியோட போகட்டும்” என்று அழுதார் அம்மா. விசைத்தறியில் வேலை பார்க்கும் அத்தானும், “கத்தி வேண்டாம்” என்றார்.

அக்காள் நிதானமாகச் சொன்னாள்: “அம்மா, இவுகளுக்கு ஒரு மாசம் தறி ஓடலன்னா ஊசி நின்னு போகும். நின்னா எடை திரும்பிரும். அறுவைன்னா ஒரு தடவ கடன். நகைய வச்சுட்டு மெள்ள அடைச்சிரலாம். எனக்கும் பயந்தான். ஆனா ராத்திரி மூச்சு முட்டி எந்திக்கிற பயம் அதவிடப் பெருசு.”

அதன்பின் எவரும் மறுத்துப் பேசவில்லை. அந்த வைகாசியில் திருநெல்வேலியில் அறுவை நடந்தது. முதல் வாரங்களில் கஞ்சித் தெளிவும் மோரும் கரண்டிக் கணக்கில்தான். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது, வருந்தினாள். ஆறாம் மாதம் எடை 85 கிலோ. சர்க்கரை மாத்திரைகளில் ஒன்று நின்றது. முந்திய ஆண்டுகளில் ஓர் ஆடிச்சுற்றுக்கே திண்ணை தேடியவள், அந்த ஆடித்தபசில் பதினோரு சுற்று நடந்தாள்.

அறுவையே வென்றது என்று நான் தீர்ப்புக் கூற வரவில்லை. மாதந்தோறும் தட்டின்றிப் பணம் வரும் வீட்டுக்கும், அறுவையைத் தாங்காத உடலுக்கும், இத்துணைப் பருமன் இல்லாதார்க்கும் ஊசியே ஏற்றதாகலாம். வருங்காலத்தில் எடை மீண்டும் ஏறினால் ஊசியும் துணைக்கு வரும் என்று அக்காளின் மருத்துவரே சொல்லியிருக்கிறார். ஆக, ஒன்றுக்கொன்று பகை இல்லை; ஆளுக்கும் நிலைக்கும் ஏற்பத் தேர வேண்டியவை அவை.

மாணவ நண்பர்களே! காய்ச்சல் கண்டவனைப் பார்த்து நாம் நகைப்பதில்லை. பருமனும் ஒரு நோயே. பேருந்தில் இருவர் இருக்கையை ஒருவரே அடைத்து அமரும்போது எழும் நமட்டுச் சிரிப்பை இனியேனும் விடுவோம். அவர் எத்தனை இரவுகள் உறங்காமல் எந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாரோ, யார் அறிவார்?