பீட்டாவில் கணக்கு எழுதலாமா?

புதுத் தேர் செய்து முடித்ததும் உடனே சாமியை ஏற்றி நாலு வீதியும் இழுத்துவிட மாட்டார்கள். முதலில் வெள்ளோட்டம். உற்சவர் இல்லாத வெறும் தேர் ஒரு சுற்று வரும். அச்சு தாங்குகிறதா, முட்டுக்கட்டை போட்டால் நிற்கிறதா, முக்கில் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று பார்த்த பிறகுதான் திருவிழா. மென்பொருள் உலகத்தில் இந்த வெள்ளோட்டத்துக்குப் பெயர் பீட்டா. ஒரே ஒரு வித்தியாசம். "சாமியை ஏற்றாதீர்கள்" என்று செய்தவர்கள் எழுதி வைத்தாலும், இழுக்க வருகிறவர்கள் சாமியோடுதான் வருவார்கள்!

இதற்கு நல்ல உதாரணம் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007. அதன் பீட்டா 2 பதிப்பு 2006 மே மாதம் வெளியானது. யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். முப்பது லட்சம் தடவைக்கு மேல் இறக்கப்பட்டது. கூட்டம் தாங்காமல் அந்த ஆகஸ்டில் 1.50 டாலர் கட்டணம் வைத்தார்கள். சோதித்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கே காசு கொடுத்துச் சோதித்த கதை! சும்மா திறந்து பார்த்துவிட்டு மூடியவர்கள் ஒரு பக்கம். கடிதம், ப்ராஜெக்ட், மாதக் கணக்கு எல்லாவற்றையும் அதிலேயே எழுத ஆரம்பித்தவர்கள் இன்னொரு பக்கம்.

அப்படி என்ன ஈர்ப்பு? பழைய மெனுக்களை எடுத்துவிட்டு ரிப்பன் என்ற பட்டையைக் கொண்டுவந்திருந்தார்கள். அது ஏதோ அழகுக்காகச் செய்தது இல்லை. வேர்ட் 2003ஐ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்கள் சம்மதத்தோடு தகவல் சேகரித்தபோது, பேஸ்ட், சேவ், காப்பி, அன்டூ, போல்ட் ஆகிய ஐந்து கட்டளைகள் மட்டுமே மொத்தப் பயன்பாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று தெரிந்தது. எது முன்னால் நிற்க வேண்டும் என்பதை இப்படிப்பட்ட கணக்குதான் முடிவு செய்தது. எக்செல்லிலோ, 65,536 வரிசைகள் என்ற பழைய எல்லை 10,48,576 ஆகவும், 256 நெடுவரிசைகள் 16,384 ஆகவும் உயர்ந்தன. பெரிய பேரேட்டைத் துண்டு துண்டாக வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

சரி, தொல்லை எங்கே வந்தது? மூன்று இடத்தில்.

முதலாவது, கோப்பு. ஆபீஸ் 2007 டாக்ஸ் என்றும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்றும் புது வடிவத்தில் சேமித்தது. பழைய ஆபீஸ் வைத்திருப்பவருக்கு அனுப்பினால், தனியாக ஒரு இணைப்பு மென்பொருளை நிறுவாமல் திறக்க முடியாது. சோதனை செய்வது நீங்கள், சிரமப்படுவது கோப்பைப் பெறுகிறவர்.

இரண்டாவது, காலாவதி. பீட்டாவின் ஆயுள் 2007ன் தொடக்க மாதங்களோடு முடிந்தது. அதற்குப் பிறகு எழுதியதைப் பார்க்கலாம், மாற்றிச் சேமிக்க முடியாது. கணக்கு உங்களுடையது, ஆனால் பேனா இரவல்!

மூன்றாவது, பிழை. வணிகவியல் படிக்கிறவர்கள் நிதானமாகக் கவனிக்க வேண்டியது இதைத்தான். 2007 ஜனவரி இறுதியில் முழுப் பதிப்பு கடைகளுக்கு வந்தது. அந்த செப்டம்பரில் ஒரு பிழை வெளிப்பட்டது. எக்செல் 2007ல் 850ஐ 77.1ஆல் பெருக்கினால் 65,535 வர வேண்டும். செல்லில் தெரிந்ததோ 1,00,000! உள்ளே இருந்த மதிப்பு சரி. அதைத் திரையில் காட்டும் இடத்தில்தான் கோளாறு. பன்னிரண்டே பன்னிரண்டு மதிப்புகளைத்தான் அது பாதித்தது. எக்செல் 2003ல் இந்தக் கோளாறு இல்லை. அக்டோபரில் திருத்தம் வந்துவிட்டது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இத்தனை லட்சம் பேர் வெள்ளோட்டம் பார்த்து, பீட்டா என்ற பெயரையும் எடுத்த பிறகு வந்த பதிப்பில் இருந்த பிழை இது.

அப்படியானால் பீட்டா என்ற பெயருக்கு என்ன மரியாதை? ஜிமெயில் 2004 ஏப்ரலில் வந்து 2009 ஜூலை வரை, ஐந்து வருடத்துக்கு மேல், பீட்டா என்றே போட்டுக்கொண்டிருந்தது. உலகமே அதில்தான் கடிதம் எழுதியது. ஆக, பெயரை மட்டும் பார்த்து நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு என்று ஒன்று உண்டு. பற்றும் வரவும் ஒத்துப்போனால் மனசுக்கு ஒரு நிம்மதி. ஆனால் பாடத்தின் அடுத்த பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள், ஒத்துப்போனதால் பிழையே இல்லை என்று அர்த்தமில்லை. ஈடுசெய் பிழைகள் உள்ளே ஒளிந்திருக்கலாம். மென்பொருளும் அப்படித்தான். முழுப் பதிப்பு என்பது ஒத்துப்போன இருப்பாய்வு. பீட்டா என்பது இன்னும் கூட்டிப் பார்க்காத இருப்பாய்வு. இரண்டுக்குமே தணிக்கை வேண்டும்.

"எதற்கு வம்பு, பழசே போதும்" என்றும் இருந்துவிட முடியாது. 2020ல் இங்கிலாந்தில் என்ன நடந்தது? கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதே 65,536 வரிசை எல்லை! இடம் இல்லாமல் போனதில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் முடிவுகள் தினசரிக் கணக்கில் ஏறவே இல்லை. அவர்களோடு பழகியவர்களை எச்சரிக்கும் வேலையும் அதனால் தாமதமானது. புது வடிவம் வந்து பதின்மூன்று வருடம் ஆன பிறகு நடந்த விபத்து இது. பழசும் பாதுகாப்பு இல்லை.

ஆகவே சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். எப்படி என்பதுதான் கேள்வி. கைக்கணக்கிலிருந்து கணினிக்கு மாறுகிற கடைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஓரிரு மாதம் இரண்டிலும் எழுதுவார்கள். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றானால்தான் கைப்புத்தகத்தை மூடுவார்கள். பீட்டாவுக்கும் அதே வழிதான். மூலக் கோப்பைத் தொடாமல் நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். லிப்ரே ஆபீஸின் பீட்டாவைப் போலச் சில சோதனைப் பதிப்புகள் தனிப் பெயரில், பழைய பதிப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. அடுத்தவருக்கு அனுப்பும் கோப்பு அவரிடம் திறக்கக்கூடிய வடிவத்தில் இருக்கட்டும். காலாவதித் தேதியை முதல் நாளே குறித்து வையுங்கள். பிழை கண்டால் மறக்காமல் தெரிவியுங்கள்; பீட்டாவை இலவசமாக வாங்கியதற்கு நாம் கொடுக்கும் விலை அதுதான்.

முக்கியமாக, மாதத்துக்கு ஒரு பக்கத்தையாவது கையால் கூட்டிப் பாருங்கள். 850ஐ 77.1ஆல் பெருக்கினால் லட்சம் வராது என்று கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. எண்ணூற்றைம்பதை எண்பதால் பெருக்கினாலே 68,000தான் என்று மனக்கணக்குப் போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.