உன்னை முனாஃபிக் என்று யார் சொன்னது?

பிஸ்மிஹீ தஆலா

காயல்பட்டினம்,
ரஜப் மாதம்.

அன்புத் தம்பிக்கு லாத்தா எழுதுவது.

நீ அனுப்பிய குரல்பதிவை முழுவதும் கேட்டேன். வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்ல, நீ அதற்கொரு ஹதீஸை எடுத்து நீட்ட, பேச்சு வழக்காகிவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி உன் மருமகனிடம் கொடுப்பேன். அவன் படிப்பான் என்று கூச்சப்படாதே, என் கையெழுத்து அவனுக்குப் பிடிபடாது.

நீ சொன்னதையெல்லாம் வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறேன். தொழுகையில் நின்றால் நீலக்கல் விலைதான் மனதில் ஓடுகிறது. கடையில் ஆள் வந்துவிட்டால் அஸர் களாவாகிவிடுகிறது. சலாம் கொடுத்த பிறகு மூன்று ரக்அத்தா நான்கா என்று சந்தேகம். அங்கே ஹாங்காங்கில் நாதன் சாலைப் பள்ளியில் ஜும்ஆவுக்கு நின்றபோது பக்கத்தில் இருந்தவர் விம்மி அழுதார், உன் கண் காய்ந்தே இருந்தது. கடைசியில் குரல் தழுதழுக்க, "நான் முனாஃபிக்காக இருப்பேனோ லாத்தா" என்கிறாய்.

இந்த மாதம் இங்கே புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடப்பது உனக்குத் தெரியும். ஈமான் பாடம் தொடக்க நாட்களிலேயே வந்துவிடும். அதில் இப்னு அபீ முலைக்கா என்ற தாபிஈ சொன்ன செய்தி ஒன்று வருகிறது. நாயகத்தின் தோழர்கள் முப்பது பேரை அவர் சந்தித்திருக்கிறார். அத்தனை பேருமே, தங்களிடம் முனாஃபிக்கின் நயவஞ்சகம் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று பயந்தவர்களாம். ஜிப்ரீலுடைய ஈமானைப் போன்றது என் ஈமான் என்று அவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். பெருமானாரின் முகத்தைப் பார்த்தவர்கள், அவர்கள் பின்னால் நின்று தொழுதவர்கள் நிலை அது. கவுலூனில் கல் விற்கிற உனக்கு அந்தப் பயம் வந்துவிட்டதே என்று நான் ஏன் பதறவேண்டும்?

ஹன்ளலா (ரலி) அவர்களின் கதையை ஓதப்போன காலத்தில் நீயும் கேட்டிருப்பாய். முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. வஹீ எழுதியவர்களில் ஒருவர். வழியில் அபூபக்கர் (ரலி) அவர்களைப் பார்த்து, ஹன்ளலா முனாஃபிக்காகிவிட்டான் என்று சொல்கிறார். நாயகத்தின் முன்னால் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்ணில் தெரிகின்றன, வீட்டுக்குப் போய் மனைவி, மக்கள், பிழைப்பு என்று இறங்கிவிட்டால் பாதி மறந்துபோகிறது, இதுதான் அவர் முறையீடு. உன்னுடையதும் இதேதானே? நீலக்கல்லுக்குப் பதில் அவருக்கு என்ன சொத்தோ, என்ன தோட்டமோ.

பயான் செய்கிறவர்கள் இதைச் சொல்லும்போது நாயகத்தின் பதிலுக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அபூபக்கர் (ரலி) நின்ற இடத்தைத் தாண்ட மனம் வருவதில்லை. அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. எங்களுக்கும் அப்படித்தான் ஆகிறது என்றார்கள். சித்தீக் என்று பெயர் வாங்கியவர்கள் சொன்னது இது! பிறகு இருவரும் சேர்ந்து போனார்கள். எப்போதும் என்னிடம் இருக்கிற அந்த நிலையிலேயே நீங்கள் இருந்துவிட்டால் உங்கள் படுக்கையிலும் பாதையிலும் மலக்குகள் வந்து முஸாஃபஹா செய்வார்கள், ஆனால் ஹன்ளலாவே, இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்ற கருத்தில் பெருமானார் பதில் சொன்னார்கள், மூன்று முறை. மனைவி மக்களை விட்டுவிட்டு வா என்றோ பிழைப்பை மூடு என்றோ சொல்லவில்லை. கடையை விட்டுவிட்டு எங்கேயாவது ஓதப் போகலாமா என்று கேட்டாயே, அதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

உமர் (ரலி) அவர்கள் கதை இதைவிடக் கடினம். முனாஃபிக்குகளின் பெயர்களை நாயகம் ஹுதைஃபா (ரலி) அவர்களிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார்கள். அவரிடம் போய், அந்தப் பெயர்களில் என் பெயர் உண்டா என்று உமர் கேட்டார்கள். இல்லை, உங்களுக்குப் பிறகு வேறு யாருக்கும் இதைச் சொல்லமாட்டேன் என்றார் ஹுதைஃபா. பாதி உலகம் நடுங்கிய மனிதர், தன் பெயரை அந்தப் பட்டியலில் தேடுகிறார். அந்தப் பயத்தோடு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். 634 முதல் 644 வரை பத்தாண்டு கலீஃபா. இரவில் தெருத்தெருவாகப் போய்ப் பசித்த வீட்டைத் தேடினார்கள். நாம் இன்று ரஜப் என்றும் ஷஃபான் என்றும் எண்ணுகிற ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு அவர்கள் காலத்தில்தான் தொடங்கியது. பயம் அவர்களை வீட்டை விட்டு வெளியே கிளப்பியது. உன் பயம் உன்னைக் குளியலறைக்குள் பூட்டிப் போட்டிருக்கிறது. எனக்குப் பிடிக்காதது அது மட்டும்தான்.

உன் வீட்டில் சொல்லிவிட்டாள், கோபப்படாதே. போன தடவை ஊருக்கு வந்தபோது ஒளூ செய்யப் போய் அரைமணி நேரம் வரமாட்டாயாம். முழங்கை நனைந்ததா என்று மறுபடி மறுபடி. தக்பீர் கட்டுவாய், நிய்யத்து சேரவில்லை என்று கையை இறக்குவாய், மறுபடி கட்டுவாய். நம் ஷாஃபி மத்ஹபில் தக்பீரோடு நிய்யத்து சேரவேண்டும் என்பதால் வஸ்வாஸ் என்கிற ஓயாத சந்தேகம் பிடித்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். தைக்காவில் என்னிடம் ஓத வருகிற பெண்களில்கூடச் சிலரைப் பார்க்கிறேன்.

நாயகம் ஒரு முத்து என்கிற அளவு தண்ணீரில் ஒளூ செய்திருக்கிறார்கள். இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் வருகிற அளவு. ஒவ்வொரு உறுப்பையும் ஒருதரம் கழுவினால் ஃபர்ளு முடிந்தது, மூன்று தரம் சுன்னத்து, அதற்கு மேல் மக்ரூஹ். நாலாவது முறை குழாயைத் திறக்கும்போது நீ பேணுதலாக நடக்கவில்லை, சுன்னத்துக்கு மாறு செய்கிறாய். உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் அழிக்காது என்பது ஃபிக்ஹில் அடிப்படைச் சட்டம். சலாம் கொடுத்த பிறகு ரக்அத் கணக்கில் வரும் சந்தேகத்தைக் கண்டுகொள்ளவே வேண்டாம் என்று நம் இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டமே விட்டுக்கொடுத்த இடத்தில் நீ ஏன் உன்னைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாய்?

கஸ்ஸாலி இமாமும் ஷாஃபிதான். இஹ்யாவில் தஹாரத் பாடத்தில் இந்தக் கழுவல்காரர்களை ஒரு பிடி பிடித்திருக்கிறார்கள். முன்னோர்கள் சேற்றில் வெறுங்காலோடு நடந்தார்கள், தரையில் தொழுதார்கள். உமர் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் ஜாடித் தண்ணீரில் ஒளூ செய்தார்கள். இவர்களோ மேலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள், உள்ளே பெருமையும் பொறாமையும் மண்டிக் கிடக்கிறது, அதைத் தொடுவதில்லை என்பது இமாமின் குற்றச்சாட்டு. அவர்கள் மறைந்தது 1111இல். அன்றைக்கே இந்தப் பாடு.

அதே கஸ்ஸாலிதான் 1095இல் பக்தாதில் நிஜாமிய்யா மதரஸாவின் பெரிய நாற்காலியை விட்டுவிட்டுப் போனார்கள். நீ அதை எனக்குச் சுட்டிக்காட்டுவாய் என்று தெரியும், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். நான் பாடம் நடத்துவது அல்லாஹ்வுக்காகவா, பேருக்காகவா என்ற கேள்வி அவர்கள் நாவையே கட்டிப்போட்டது. சோறு இறங்கவில்லை. ஆறு மாதத்துக்கு அருகில் போகவா இருக்கவா என்று தத்தளித்தார்கள். வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உடம்பில் தொடங்கிய நோய் இல்லை, மனதிலிருந்து உடம்புக்கு இறங்கியது என்றார்கள். இதெல்லாம் கஸ்ஸாலி இமாமே எழுதியது. கிளம்பும்போது குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் பாடம் நடத்த வந்தார்கள், அதை யாரும் சொல்வதில்லை. அப்புறம், அவர்கள் விட்டுப்போனது புகழை. நீ விடப்பார்ப்பது மூன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளத்தை.

அந்த வைத்தியர்கள் பேச்சை நீயும் கொஞ்சம் காதில் போட்டுக்கொள். கழுவியதையே கழுவுவதும் எண்ணியதையே எண்ணுவதும் சிலருக்கு நோயாகவே வரும். டாக்டர்கள் ஓசிடி என்கிறார்கள், மருந்தும் உண்டு, பேசிச் சரிசெய்யும் முறையும் உண்டு. ஈமான் குறைந்தவனுக்கு வருகிற வியாதி என்று நினைத்து மறைக்காதே. உம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார்கள், அதனால் அவர்கள் தவக்குல் போய்விட்டதா? தொழுகையில் வருகிற கெட்ட எண்ணங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வாய்விட்டுச் சொல்லவே அஞ்சும் எண்ணங்கள் எங்களுக்கு வருகின்றன என்று தோழர்கள் முறையிட்டபோது, அந்த அச்சம் இருக்கிறதே அதுவே தெளிவான ஈமான் என்ற பொருளில் நாயகம் சொன்னார்கள்.

பள்ளிவாசலில் ஒருமுறை இரண்டு தூணுக்கு நடுவில் கயிறு கட்டியிருந்தது. என்ன இது என்று நாயகம் கேட்டார்கள். ஜைனப் நாச்சியார் நின்று தொழுது களைத்துப்போனால் பிடித்துக்கொள்ளக் கட்டியது என்றார்கள். நாயகம் அதை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டார்கள். தெம்பு இருக்கும்வரை தொழுங்கள், களைத்தால் உட்காருங்கள் என்றார்கள். உன் ஃபோனில் ராத்திரியெல்லாம் ஓடுகிற அந்த பயான்களை நினைத்தால் எனக்கு இந்தக் கயிறுதான் ஞாபகம் வருகிறது. கப்ரு வேதனையைப் பற்றி ஒருவர் கத்த, அது முடியுமுன் அடுத்தவர் கத்துகிறார். அவிழ்க்கச் சொல்ல அந்த ஃபோனுக்குள் ஒருவரும் இல்லை. தூங்கு. சுபுஹுக்கு எழும்பத் தெம்பு வரும்.

இனி நான் சொல்வதில் உனக்கு மனம் நோகலாம், ஆனாலும் லாத்தா சொல்லாமல் வேறு யார் சொல்வது. உன் பதிவை இரண்டாவது தடவை கேட்டபோதுதான் கவனித்தேன். ஒளூ இருந்தது, ரக்அத் இருந்தது, கண்ணீர் வரவில்லை என்ற கவலை இருந்தது. மனிதர் ஒருவர்கூட இல்லை. அழுதுகொண்டிருந்த அந்தப் பக்கத்துத் தொழுகையாளி மட்டும் வந்தார், அவரும் உன்னோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.

திவாலானவன் யார் தெரியுமா என்று நாயகம் கேட்டார்கள். பணம் இல்லாதவன் என்றார்கள் தோழர்கள். தொழுகையும் நோன்பும் ஜக்காத்தும் கொண்டுவந்து, கூடவே ஒருவனை ஏசியவனாக, இன்னொருவன் பொருளைத் தின்றவனாக வருகிறவன் அவன் என்றார்கள் பெருமானார். அவன் நன்மைகளை அவர்களுக்குப் பங்கு வைத்து, அது தீர்ந்தால் அவர்கள் பாவத்தை இவன் தலையில் போடுவார்களாம். மண்ணடியில் உன்னோடு அறையில் இருந்த அந்தப் பிள்ளையிடம் விசாவுக்கு வாங்கிய பணம் ஞாபகம் இருக்கிறதா? அவர் உம்மா பெருநாளைக்கு வந்து, சலாம் சொல்லி, வட்டிலாப்பம் தந்துவிட்டுப் போனார்கள். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அஸர் களாவானால் கொஞ்ச நேரத்தில் நிறைவேற்றிவிடலாம். இதை அவர் கையில் கொடுத்தால்தான் தீரும்.

உன் மூத்த மகள் என்னிடம் அம்ம ஜுஸ்உ முடித்துவிட்டாள். வாப்பாவுக்கு ஓதிக் காட்டவேண்டும் என்று மூன்று நாளாக ஃபோனை வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். நமக்கும் உங்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இஷா முடிந்து கூப்பிட்டால் அங்கே நடுநிசி, நீ பயான் கேட்டுக்கொண்டு விழித்துத்தான் இருக்கிறாய், ஆனால் எடுப்பதில்லை. அவள் ஓதுவதைக் கேட்டால் உன் கண் நனையுமா என்று எனக்குத் தெரியாது, நனையாவிட்டாலும் கேள்.

தன்னைத் தானே பரிசுத்தவான் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று சூரா நஜ்மில் வருகிறதே, தன்னைத் தானே நரகவாதி என்று முடிவு கட்டிக்கொள்வதும் அதே அதிகப்பிரசங்கம்தான் என்பது என் எண்ணம். ஆலிம்களிடம் கேட்டுப் பார், தவறாக இருந்தால் எனக்கும் சொல். உன் கடையில் ஒரு கல்லுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பாய், நீயே எழுதிக் கையெழுத்துப் போடுவாயா?

அஸருக்கு ஃபோனில் மணி வைத்துக்கொள். குளிர்காலத்தில் அங்கே சீக்கிரம் இருட்டிவிடும் என்கிறாய், அதனால் முதல் வக்திலேயே முடித்துவிடு. முதலாளியிடம் பத்து நிமிடம் கேட்பதற்கு வெட்கப்படாதே, அவரும் தொழுகிறவர்தானே. உபரியாக எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஃபர்ளு ஐந்தும், அவற்றின் முன்பின் சுன்னத்தில் முடிந்ததும் போதும். குறைவாக இருந்தாலும் விடாமல் செய்வதே அல்லாஹ்வுக்குப் பிரியம் என்பதற்கு ஹதீஸ் இருக்கிறது, இதை நீயே எனக்கு முன்பு சொல்லியிருக்கிறாய்.

உம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கிறது. சர்க்கரை இறங்கட்டும் என்கிறார் டாக்டர். நோன்புக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று உம்மா பிடிவாதம். நோயாளிக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது, ஃபித்யா கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னால் கேட்பதில்லை. நீ பேசினால் கேட்பார்கள், மகன் பேச்சுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை கூப்பிடு. வருகிறவர்கள் யாராவது இருந்தால் கோடாலித் தைலம் நாலு புட்டி கொடுத்துவிடு, பழையது தீர்ந்துபோய் உம்மா உன் மச்சானுடையதில் கை வைக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.

துஆவுடன்,
உன் லாத்தா